திறந்த பெட்டிக்குள் ஒரு வளையல்

"போடுங்கப்பா," என்றாள் மேகலா.

என் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. என் வேலை அறையில் சுவிட்சு கதவை ஒட்டிய சுவரில் இருக்கிறது. வேலை மேசையோ எதிர்க்கோடியில், சன்னலுக்குக் கீழே. நான் எத்தனையோ ஆண்டுகள் உட்கார்ந்து தேய்த்த முக்காலியில் என் மகள் எனக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் அடித்தகடு கழற்றப்பட்ட ஒரு பழைய ரிசீவர் குப்புறக் கிடந்தது. வானொலியும் ஆம்பிளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் அமைந்த, ஜப்பானில் செய்த கருவி. இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்க வேண்டிய கனம்.

சனிக்கிழமைப் பிற்பகல். ஜொகூரில் எங்கள் ஊரான உலு திராமின் மேல் மழை வருவதுபோல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அறையில் ஈயம் உருகிய பிசின் வாசனை நிறைந்திருந்தது. பல மாதங்கள் இல்லாதிருந்த அந்த வாசனை சில வாரங்களாகத்தான் மறுபடியும் எங்கள் வீட்டுக்குள் வரத் தொடங்கியிருந்தது.

மேகலாவின் வலது மணிக்கட்டில் அவளுடைய அம்மாவின் ஒற்றைத் தங்க வளையல் கிடந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் வாய் திறக்கவில்லை.

மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் கையை விடுபவர் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. மோதிரம், கைக்கடிகாரம், வளையல், கழுத்தில் தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் முதலில் கழற்றி வைத்துவிட வேண்டும். பழைய கருவிகளைச் சீர்செய்கிற எவரும் முதல் நாளில் கற்கும் பாடம் இது. கல்லூரியில் இயற்பியல் கற்பித்துப் பிழைத்தவன் நான். தங்கம் மின்சாரத்தை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

"அப்பா? போடலாம்பா."



இத்தனை வாரங்களாக என் ரிசீவர்களைப் பற்றியும் ஆம்பிளிஃபயர்களைப் பற்றியும் இந்தப் பக்கங்களில் எழுதி வந்திருக்கிறேன். அவற்றைத் தொடவே அஞ்சிக் கிடந்த மாதங்களைப் பற்றி எழுதவில்லை. இந்த வாரம் எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டு பேர் செய்யும் வேலை

நெடுங்காலம் உறங்கிய கருவியை நேரடியாக மின்சாரத்தில் செருகக் கூடாது. உள்ளே எது பழுதுபட்டிருக்கிறது என்று தெரியாது. மாற்றுக் கிடைக்காத பாகங்கள் எல்லாம் ஒரு நொடியில் கருகிவிடும். அதனால் கருவிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பழைய குண்டு பல்பை இணைத்து விடுவோம். மின்சாரம் அந்தப் பல்பைக் கடந்துதான் கருவிக்குள் போக முடியும்.

சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால், கருவி நலம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ பிசகு. உடனே அணைத்துவிட வேண்டும்.

பல்பு கருவியைக் காக்கும். ஆளைக் காக்காது. ஆகவே எங்கள் வீட்டில் அது எப்போதும் இரண்டு பேர் செய்யும் வேலையாகவே இருந்தது. நான் மேசையில், என் மனைவி வசந்தா சுவிட்சின் அருகே.

அவளுக்கு இந்தக் கருவிகளின் உள்ளமைப்பில் எள்ளளவும் ஆர்வம் கிடையாது. பாட்டு வந்தால் போதும். ஆனால் நான் "போடு" என்று சொன்னால் உடனே போட மாட்டாள்.

"மோதிரம்?"

"கழட்டிட்டேன்."

"வாட்ச்?"

"வசந்தா, போடு."

"தலைய இவ்ளோ கிட்ட கொண்டுபோய் வைக்காதீங்க. அது என்ன பாயசமா, மோந்து பாக்க?"

எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் சுவிட்சு கிளிக்கென்று விழும். இது எங்களுக்குள் ஒரு பூசை முறைபோல் ஆகிவிட்டிருந்தது. ஒருமுறைகூட அவள் எதையும் விட்டுவிட்டுப் போட்டதில்லை.

பாலத்தில் ஒரு பெட்டி

சேகரிப்பு என்று பெரிதாகச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அது வசந்தாவின் பொறுமைக்கு ஏற்பட்ட சோதனை.

சிங்கப்பூரில் பழைய சாமான் கடைகளில் அந்தக் காலத்தில் இவை கேட்பாரற்றுக் கிடந்தன. வீடு மாறுகிறவர்கள் மின்தூக்கி அருகே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வார இறுதியில் நாங்கள் இருவரும் பேருந்தில், ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து போவோம். திரும்பும்போது என் மடியில் ஒரு பெட்டி இருக்கும். காய்கறிப் பைகள் அவள் மடியில்.

ஒருமுறை சுங்கச் சாவடியில் இளம் மலாய் அதிகாரி ஒருவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "என்ன இது?" என்று மலாயில் கேட்டார். பழைய வானொலி என்றேன். ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. இவ்வளவு கனமான வானொலியா என்று சந்தேகத்தோடு என் முகத்தைப் பார்த்தார்.

நான் மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். வசந்தா குறுக்கே புகுந்தாள்.

"இனி அனாக் பெர்த்தாமா டியா, என்சே. சயா யாங் கெடுவா."

இதுதான் இவருடைய மூத்த பிள்ளை ஐயா, நான் அதற்கு அடுத்துத்தான் என்பது அதன் பொருள். அதிகாரி சிரித்துவிட்டு எங்களை அனுப்பிவிட்டார். பேருந்தில் ஏறியதும் அவள் சொன்னாள்:

"ஒங்க கிளாஸ்ல பிள்ளைங்க எப்படித்தான் முழிச்சிருக்காங்களோ தெரியல. பாவம் லா."

இன்று அந்தக் கருவிகளுக்கு நாடெங்கும் தேடி அலைகிறவர்கள் உண்டு. பண்டார் தெங்காராவிலிருந்து ஒருவர், காஹாங்கிலிருந்து ஒருவர் என்று இளைஞர்கள் கைப்பேசியில் படம் அனுப்பிக் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: சுவிட்சின் பக்கத்தில் நிற்க வீட்டில் ஆள் இருக்கிறதா?

கூடத்து ரிசீவர்

மேசையில் கவிழ்ந்து கிடந்த கருவி எங்கள் கூடத்தில் இருந்தது. காலையில் வசந்தா குளித்துவிட்டு வந்ததும் முதலில் அதைத்தான் திருகுவாள். தமிழ் வானொலி கோலாலம்பூரிலிருந்து பேசத் தொடங்கும். அதன் பிறகுதான் அடுப்பு எரியும்.

அவள் உடல்நலம் குன்றத் தொடங்கிய நாட்களில் கருவியின் ஒரு பக்கம் ஊமையாயிற்று. இரண்டு ஒலிப்பெட்டிகளில் இடப்பக்கத்தது மட்டும் பேசியது. "பாதிப் பாட்டுதான் வருது, பாருங்களேன்," என்றாள். அறைக்கு எடுத்துப்போய்த் திறந்தேன். கெட்டுப்போன பாகங்களைக் கழற்றி, புதியவற்றுக்குச் சொல்லி வைத்தேன். அவை தபாலில் வந்து சேர்ந்தபோது நாங்கள் ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் இருந்தோம்.

பாகங்கள் வந்த உறையை நான் பிரிக்கவே இல்லை.

கழற்றிய கை

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்கேன் படம் எடுக்கும் அறைக்கு அழைத்துப் போவதற்கு முன் தாதி வந்தார். தமிழ்ப் பெண். "அங்கிள், ஆன்ட்டி கையில இருக்குற வளையல கழட்டணும். உள்ள எந்த மெட்டலும் போகக்கூடாது," என்றார்.

வசந்தாவின் கை வீங்கியிருந்தது. கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா போட்ட வளையல் அது. நான் அறிந்தவரை அந்தக் கையை விட்டு இறங்கியதே இல்லை. தாதி ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். என் விரல்களால் அவளுடைய கட்டைவிரல் மூட்டை அழுத்தி, தோலை நகர்த்தி, சிறிது சிறிதாக இறக்கினேன். வலித்திருக்கும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளையல் வெளியே வந்ததும் மணிக்கட்டில் வெளுத்த ஒரு வட்டம் தெரிந்தது.

"திரும்பப் போட்டு விடுவீங்கல்ல?" என்றாள்.

"வந்ததும் போட்டுவிடுறேன்."

சக்கரப் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வளையலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடைவழியில் நின்றேன். அந்த அறையிலிருந்து அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு அவள் கண் திறக்கவில்லை. கைகளில் குழாய்கள் இருந்ததால் வளையல் போட அனுமதி இல்லை.

கருமாதி முடிந்த அன்று அதை மேகலாவிடம் கொடுத்தேன். அவள் அங்கேயே அணிந்துகொண்டாள். சிங்கப்பூரில் வேலை, தங்குவதும் அங்கேயே. வாரக் கடைசியில் பாலத்தைத் தாண்டி வருவாள். எப்போது வந்தாலும் வளையல் கையில் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விநோதமான நிம்மதி ஏற்படும். அது ஒரு கையில் இருக்கிறது. ஆகவே அந்தக் கை இருக்கிறது.

இதை ஒரு இயற்பியல் ஆசிரியன் எழுதுகிறான் என்பது எனக்கும் தெரிகிறது. சான்று இல்லாத எதையும் நம்பாதே என்று தலைமுறைக் கணக்கில் பிள்ளைகளுக்குச் சொன்னவன், வளையல் இறங்கினால் கை திரும்பி வராது என்று நம்பத் தொடங்கியிருந்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உளறல் என்று எனக்கே கேட்கும். சொல்லாதவரை அது உளறலாக இல்லை.

முக்காலி

வேலை அறையை நான் பூட்டியே வைத்திருந்தேன். தனியாக வேலை செய்ய அச்சம் என்று பிறரிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

மேகலாதான் ஒருநாள் சாவியைக் கேட்டாள்.

"கூடம் செத்துப்போன மாதிரி இருக்குப்பா. அந்த செட்ட நாம முடிச்சிரலாம்."

"எனக்குக் கண் சரியில்லம்மா. ஈயம் வைக்கிற கை நடுங்குது."

"நீங்க சொல்லுங்க, நான் வைக்கிறேன். ஸ்கூல் படிக்கிறப்போ எத்தன தடவ ஒங்களுக்கு ஸ்க்ரூ புடிச்சிருக்கேன்?"

சில சனிக்கிழமைகள் அப்படியே நடந்தன. கருவிக்குள் மின்சாரம் இல்லாதவரை எனக்கு அச்சமில்லை. அவள் கை என் கையைவிட நிதானமாக இருந்தது. பாகங்களின் முனைகளை வளைத்து, துளையில் செருகி, ஈயம் பளபளப்பாக ஓடும்வரை பொறுத்திருந்தாள். "நல்லாருக்கா?" என்று கேட்பாள். நன்றாகவே இருந்தது.

பிறகு வேறு எந்த வேலையும் மிச்சமில்லாத சனிக்கிழமை வந்தது. அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். நான் கதவருகே போய் நின்றேன். அங்கே நான் அதற்கு முன் நின்றதில்லை.

கதவருகே

"அப்பா, தூங்கிட்டீங்களா?"

போட்டேன்.

பல்பு பளீரென்று எரிந்தது. அறையின் சுவர்கள் மஞ்சளாயின.  பிறகு வெளிச்சம் மெல்ல இறங்கியது; இழை மட்டும் செம்மையாகத் தெரிந்தது. கருவிக்குள்ளே ஒலிப்பெட்டிகளைக் காக்கும் ரிலே டிக்கென்று ஒலித்தது.

"மங்கிடுச்சு! பாத்தீங்களா? அப்பா, மங்கிடுச்சு!"

"பார்த்தேன். எதையும் தொடாதே."

"வோல்டேஜ் அளக்கணும்ல? நீங்கதான சொன்னீங்க, ஸ்பீக்கர் மாட்டுறதுக்கு முன்னாடி அளக்கணும்னு."

நான்தான் சொன்னேன். அவள் இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அதுவும் நான் கற்பித்தது. ஒரு கை மட்டும் வெளியே இருந்தால் மின்சாரம் நெஞ்சைக் கடக்க வழி குறைவு. வலது கையில் மீட்டரின் கம்பியை எடுத்து முன்னால் குனிந்தாள்.

கதவருகே நிற்பவருக்குக் கைகள் தெரியாது. முதுகு தெரியும், அசையும் தோள் தெரியும். அந்தக் கை எந்தப் பாகத்துக்கு மேலே போகிறது, எவ்வளவு தாழ்கிறது என்று எதுவும் தெரியாது. மின்சாரத்தைத் தன் விரலில் வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டியவரின் முதுகைப் பார்த்தபடி நிற்க வேண்டும். வசந்தா இங்கேதான் நின்றாள்.

அந்தக் கருவியின் உட்புறம் எனக்கு மனப்பாடம். பின்பக்கத்தில் பால் டின் அளவுக்கு இரண்டு மின்தேக்கிகள். அவற்றின் முனைகள் மூடாமல் நிற்கும். அவற்றிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி ஃபியூஸ். அதில் சுவரிலிருந்து வரும் மின்சாரம் அப்படியே இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் மின்தேக்கிகள் தம்மிடம் உள்ளதை விட்டுவிடுவதில்லை. ஆகவே என் விரலால் காக்க முடிந்தது மிகக் குறைவு. வாயால் காக்க முடிந்தது அதிகம்.

சொல், என்று எனக்கு நானே சொன்னேன். ஒரு சொல்தான். கழற்று.

சக்கரப் படுக்கை நடைவழியில் திரும்பும் சத்தம் காதில் கேட்டது.

"ரைட் சேனல் எங்கப்பா, இந்த உள்பக்கமா?" என்று கேட்டபடி அவள் இன்னும் குனிந்தாள்.

உலோகத்தில் உலோகம் உரசுகிற மிகச் சிறிய ஓசை எழுந்தது.

அடுத்துச் சட்டென்று ஒரு வெடிப்பு. அவளுடைய தோளின் இரு பக்கமும் நீல வெளிச்சம் தெறித்தது. பல்பு மறுபடியும் பளீரென்றது. நான் அணைத்துவிட்டேன், அணைத்தது நினைவில்லை. முக்காலி உருண்டு கிடந்தது. மேகலா தரையில் உட்கார்ந்து தன் மணிக்கட்டை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மேகலா."

நான் அவளை நோக்கி ஓடினேன்.

"மேகலா!"

"இருக்கேன்பா. இருக்கேன். கத்தாதீங்க."

நான் கத்தினேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

குழாயடி

சமையலறையில் குழாயைத் திறந்து அவள் கையைத் தண்ணீரில் பிடித்தேன். மணிக்கட்டின் உட்புறம் மெல்லிய சிவப்புக் கோடு விழுந்திருந்தது. வளையலில் கடுகளவு கருப்பாக ஒரு குழி. மின்தேக்கியின் முனைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே வளையல் பாலமாக விழுந்திருந்தது; நல்லவேளை, வெறும் சூட்டோடு போயிற்று. அந்தப் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்து ஃபியூஸைத் தொட்டிருந்தால், நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"ஏம்பா சொல்லல?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒங்களுக்குத் தெரியாததா? சின்னப் பிள்ளையா இருக்கிறப்போ என்னோட பிளாஸ்டிக் வாட்சயே கழட்டச் சொன்னவரு நீங்க. கையில கெடந்தத பாக்கலயா?"

"பார்த்தேன்."

"எப்போ?"

"நீ வந்து உட்காரும்போதே."

அவள் குழாயை மூடினாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"நானும் மறக்கலப்பா," என்றாள். "கழட்டணும்னு தோணுச்சு. மனசு வரல. நீங்க சொன்னா கழட்டலாம்னு இருந்தேன். நீங்க ஒண்ணும் சொல்லல. சரி, பரவால்ல போலன்னு நெனச்சிட்டேன்."

அவள் என் சொல்லுக்காகக் காத்திருந்தாள். நான் சொல்லாததையே அவள் அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் கழட்டுன கை திரும்பி வரலம்மா," என்றேன். அந்தச் சொற்கள் வெளியே வந்தபோது, நான் நினைத்ததுபோல் உளறலாகக் கேட்கவில்லை. மிகச் சாதாரணமாகக் கேட்டன.

மேகலா வளையலின் குழியை விரலால் தடவினாள்.

"அம்மா இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் கரண்டியாலயே அடிச்சிருப்பாங்க. 'அலமாக், ஐயையோ, நகையோட எவடி கரண்டுல கைய வைப்பா? இந்த மனுசன் அத நின்னு வேடிக்க பாத்தாராம்!'"

குரல்கூட அப்படியே வந்தது. சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறத் தொடங்கியது. துண்டு எடுக்கப் போகிறவன்போல் திரும்பிக்கொண்டேன்.

நான் துண்டோடு வந்தபோது அவள் வளையலைக் கழற்றியிருந்தாள். சோப்பு தேவைப்படவில்லை. ஈரத்தோடு என் உள்ளங்கையில் வைத்தாள்.

"பிடிங்க. போய்ப் பாக்கலாம், என்ன எரிஞ்சிருக்குன்னு."

மீண்டும்

ஃபியூஸ் போயிருந்தது. அதைத் தவிர ஒரு சிறு பாகம் கருகியிருந்தது. இரண்டுக்கும் மாற்று கைவசம் இருந்தது. மின்தேக்கிகளில் எஞ்சியதை வடித்துவிட்டு அவள் வேலையைத் தொடங்கினாள். மழை கடைசியில் பெய்யாமலே போய்விட்டது.

"இன்னிக்குப் போதும். அடுத்த வாரம் பார்த்துக்கலாம்," என்றேன்.

"இன்னிக்கு விட்டா நீங்க இந்த ரூம பூட்டிருவீங்க. சாவி எங்கன்னு கேட்டா மறந்துட்டேன்னு சொல்வீங்க."

நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சாவியை எங்கே வைப்பது என்பது வரைக்கும் யோசித்திருந்தேன். பூட்டிவிட்டால் அவளுக்கு ஒன்றும் நேராது. அவள் சனிக்கிழமை வருவாள், சாப்பிடுவாள், ஒலியில்லாத கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஈயம் வைத்து முடித்து, கருகிய வாசனை போக மின்விசிறியைச் சுழலவிட்டு, அவள் முக்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். நான் கதவருகே போனேன்.  வளையல் என் சட்டைப் பையில் இருந்தது. அதன் கனம் எனக்கு அடையாளம் தெரிந்த கனம். விரலைச் சுவிட்சில் வைத்தேன்.

"போடுங்கப்பா."

"கையைக் காட்டு."

"என்னது?"

"ரெண்டு கையையும். தூக்கிக் காட்டு."

அவள் முக்காலியோடு திரும்பினாள். பள்ளியில் நகச் சோதனைக்குக் கை நீட்டுகிற பிள்ளைபோல் இரண்டு கைகளையும் உயர்த்திப் பிடித்தாள். வெறும் கைகள். வலது மணிக்கட்டில் சிவப்புக் கோடு.

"ஈரமா இருக்கு."

"வேர்வைப்பா."

"தொடச்சிட்டுக் காட்டு."

காற்சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடியும் தூக்கினாள். நான் பார்த்தேன். தேவைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன், அவள் இறக்கவில்லை.

"போதுமா, இன்ஸ்பெக்டர்?"

"கழுத்துல?"

"ஒண்ணுமில்ல."

"தலைமுடியப் பின்னால கட்டு. இடது கை பையில."

அவள் கூந்தலை முடிந்துகொண்டு மேசையின் பக்கம் திரும்பினாள். இடது கை பைக்குள் போயிற்று. எனக்கு மறுபடியும் அவள் முதுகு மட்டுமே தெரிந்தது.

நான் சுவிட்சைப் போட்டேன்.